ஊத்துக்கோட்டைக்குப் போகாத மாடு

"இன்னாமா, உனக்கு மட்டும் ஜொரம் ஷிப்டு பாத்து வருது?"

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டான். வரிசையில் நின்று பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். எனக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. கால்தான் நிற்கவில்லை, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆமா சார், உங்க மூஞ்சிய பாத்தாதான் வருது. ஊட்டுக்குப் போனா சரியாப் போயிடுது" என்றேன். இந்தத் தடவை யாரும் குனிந்து சிரிக்கவில்லை, நிமிர்ந்தே சிரித்தார்கள். அந்த வாய்க்கொழுப்பால்தான் வேலை போனது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரைக்கும் சொல்கிறார். கிடையவே கிடையாது. வேலை போனது ஜுரத்தால்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பேர் எதற்கு? கான்ட்ராக்டில் போகிறவளுக்கு எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான். காலையில் ஊர் முனைக்கு வேன் வரும், ஏறும்போது நான் நன்றாகத்தான் இருப்பேன். மத்தியானச் சோறு முடிந்ததும் மூட்டு மூட்டாக வலி ஏறும். சாயங்காலம் உடம்பு கொதிக்கும். படுத்தால் புடவையைப் பிழிகிற மாதிரி வியர்க்கும். விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்காருவேன். காலையில் என்னைப் பார்க்கிற எவரும் இவளுக்கு நோய் என்று நம்பமாட்டார்கள். சில வாரம் ஜுரமே வராது. தொலைந்தது சனியன் என்று தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போவேன், மறுபடியும் வந்து ஏறிக்கொள்ளும்.

ஊரில் ஊசி போடுகிறவர் வைரல் என்றார். கும்மிடிப்பூண்டி கிளினிக்கில் டைபாய்டு என்றார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். சென்னைக்குப் போகிற வழியில் பெரிய கண்ணாடிக் கட்டடம், அங்கே ஸ்கேன் எடுத்து முதுகெலும்பில் டிபியாக இருக்கலாம் என்றார்கள். இருக்கலாமாம்! அந்த 'லாம்'முக்கு என் காதுத் தோடு போனது. நாலு வீடு தள்ளி இருக்கிற என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க, எலுமிச்சங்கா சுத்திப் போடு" என்றார். இத்தனை பேரில் காசு கேட்காமல் வைத்தியம் சொன்னது அவர் ஒருத்தர்தான்.

கடைசியில் வேன் டிரைவர் ஒரு நாள், "நாளைலருந்து நிக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்கமா" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேன் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

இதற்கெல்லாம் முன்னால் எங்கள் மாடு கன்று வீசியது. வீசியது என்றால், நாள் ஆகும் முன்பே குறைக்கன்றாகப் போட்டுவிட்டது. அந்த மாட்டைப் பற்றிச் சொல்லாமல் என் ஜுரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் ஊத்துக்கோட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி இன்னொருத்தருடையது. பின்னால் அந்த ஓனருடைய பிள்ளைகள் பேர் பெரிதாக எழுதியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு, சொந்த ஆட்டோ. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அப்பன் ஆத்தா அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும் என்பது அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். அதற்காகத்தான் என் சம்பளத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கிடாரியை ஊத்துக்கோட்டையில் வாங்கினோம். தலைச்சன் ஈற்றில் நன்றாகக் கறந்தது. இரண்டாவது கன்று போட்டதும் மாடும் கன்றுமாக விற்று, அதோடு என் சம்பளச் சேமிப்பையும் சேர்த்து ஆட்டோவுக்கு முன்பணம் கட்டுவதாகப் பேச்சு. ஆட்டோ பின்னால் என்ன எழுதுவது என்றுகூட அவர் யோசித்து வைத்துவிட்டார். அது என்ன என்று எனக்கே சொல்லவில்லை. கேட்டால், "வண்டி வரட்டும்மே, பாத்துக்கோ" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கன்று செத்தே விழுந்தது. உடம்பில் முடிகூட முளைத்திருந்தது. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழவில்லை. மறுநாளும் பின்னால் தொங்கிக்கொண்டு நாற்றம் எடுத்தது. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பிடுங்கி எடுத்தேன். அவர் அதை வைக்கோலில் சுற்றிக் கோணியில் கட்டி, பஸ் நிற்கிற இடத்து ஆலமரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த வீட்டில் மாடு ஈன்றாலும் அந்த மரத்தில் ஒரு மூட்டை ஏறும். வீசின கன்றுடையதையும் கட்டினார், அடுத்த தடவையாவது சரியாக வரட்டும் என்று.

கம்பெனியில் மூடி வெட்ட எனக்குக் கையுறை கொடுத்திருந்தார்கள். அது இல்லாமல் வரிசையில் நின்றால் கத்துவார்கள். பிளாஸ்டிக் மூடியில் என் கைரேகை விழக்கூடாதாம். மாட்டுக்குள்ளே முழங்கை வரைக்கும் வெறுங்கையை விட்டேனே, அதற்கு ஒருத்தரும் கத்தவில்லை.

வேலை போன பிறகு திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசு தீர்ந்த பிறகுதானே நமக்கு அந்த வழி ஞாபகம் வரும். என் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு சின்ன வயது டாக்டரம்மா புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல மாடு, ஆடு ஏதாவது இருக்காம்மா?"

"ஒரு மாடு கீது."

"கன்னு வீசிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜொரம் எனக்கு டாக்டரம்மா, மாட்டுக்கு இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமியா இருக்கலாம்மா" என்றார். அவரும் 'லாம்' என்றார், ஆனால் அடுத்த வாரமே ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொன்னார். இளங்கொடியிலும் கன்று போடும்போது வடிகிற தண்ணீரிலும் கிருமி இருக்குமாம். காய்ச்சாத பாலிலும் இருக்குமாம். வாரக்கணக்கில் மாத்திரை, கூடவே ஊசி, நடுவில் விட்டால் திரும்பவும் வரும். எல்லாம் இலவசம். எனக்குச் சந்தோஷமா கோபமா என்றே தெரியவில்லை. மாடு இருக்கிறதா என்று ஒரு கேள்வி! மாடு இல்லாத வீடே இல்லாத ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே. தோடு போட்டிருந்த காதைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மாட்டு டாக்டர் வீட்டுக்கு வந்து மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் போனார். அப்புறம் ஒரு நாள் தானே வந்து, கன்று வீச்சு நோய் என்று சொன்னார். நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"மாட்டுக்கு மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. தனியா கட்டுங்க. இனிமே சினை ஊசி போட வேணாம். யாருக்கும் வித்துடாதீங்க."

"அடிமாட்டுக்குப் போனா?"

"வெட்றவங்களுக்கும் வருமேம்மா."

"அப்போ நான் இன்னாதான் சார் பண்றது? விக்கவும் கூடாது, சினைக்கு உடவும் கூடாது, காலத்துக்கும் இதுக்கு தீனி போட்டுக்கினே குந்தினு இருக்கணுமா? இதுக்கு ஈடு எதனா தருவாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா" என்று தரையைப் பார்த்தார். பிறகு, சொல்லாமலே போயிருக்கலாம், சொன்னார். "கன்னுக்குட்டியா இருக்கும்போதே ஒரு தடுப்பூசி போட்டிருந்தா வந்திருக்காது. ஒரே ஒரு ஊசிதான். நாங்களே இலவசமா போடறோம்."

ஒரு ஊசி! கன்று போனது, வேலை போனது, தோடு போனது, இடுப்பு போனது, இதெல்லாம் ஒரே ஒரு ஊசியில் நின்றிருக்குமாம். "அத்த ஊருக்குள்ள வந்து தண்டோரா போடலாமில்ல சார்?" என்று கேட்டேன். "ரெண்டு தடவ வந்தோம்மா. பின்னால பால் குறைஞ்சுடும்னு கன்னை ஒளிச்சு வெச்சுட்டாங்க" என்றார்.

எப்படி அழிப்பது என்று மாட்டு டாக்டரையே கேட்டு, கைக்கு உறை மாட்டி, ஆலமரத்தில் நாங்கள் கட்டின மூட்டையை இறக்கச் சொன்னேன் என் வீட்டுக்காரரை. முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் மாட்டு டாக்டர் சொன்ன மூன்றில் இரண்டைத்தான் காதில் வாங்கினார். தனியாகக் கட்டினார், சினைக்கு விடவில்லை. விற்காதே என்பது மட்டும் அவருக்குக் கேட்கவே இல்லை. "விக்காதன்னு சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. அவரா எனக்கு ஆட்டோ வாங்கித் தரப் போறாரு?" என்றார். நான், "வாங்கினு போறவ ஊட்ல எவ கைய உடுவா?" என்று கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், ஊத்துக்கோட்டை மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தரகரோடு ஒரு பெண். ஆந்திரா பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட ரொம்பச் சின்னவள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வந்ததும் மாட்டின் மடியைத் தடவிப் பார்த்தாள். குழந்தையும் குனிந்து தொட்டது.

"ஏமக்கா, பாலு பாக இஸ்துந்தா?" என்று கேட்டுவிட்டு, நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "பாலு நல்லா குடுக்குமா அக்கா? எங்க பாப்பாக்கு கறந்த பாலுனா உசிரு. காய்ச்சவே உடமாட்டா, சொம்புலயே வாய வெச்சுக் குடிச்சிடுவா."

அந்தப் பக்கம் தரகரும் என் வீட்டுக்காரரும் கைகோத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விலை படியும்போது இரண்டு பேர் முகமும் எங்கேயோ பார்க்கும். என் வீட்டுக்காரர் முகம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் ஆட்டோ தெரிந்தது எனக்கே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுதான் நின்றேன். அந்தக் குழந்தை மடியைத் தொட்ட விரலை வாயில் வைத்துச் சப்பியது.

போய்த் துண்டை உருவினேன். இரண்டு ஆம்பிளைகளும் கையைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இந்த மாட்டுக்கு கன்னு வீச்சு நோவு கீது. எனக்கும் அதான் வந்துது. தா பாரு, நிக்க முடியாம நிக்கிறேன். பாப்பா கைய மொதல்ல சோப்பு போட்டுக் கழுவு, தண்ணி அங்க கீது" என்றேன்.

அந்தப் பெண் குழந்தையை வாரிக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினாள். தரகர் மூஞ்சியில் ஈயாடவில்லை. சுதாரித்துக்கொண்டு, "இன்னாமா இது, துண்ட உருவற பழக்கம்லாம்? பொம்பளையா அடக்க ஒடுக்கமா இரு" என்றார். "நீங்க மொதல்ல ஒழுங்கா வியாபாரம் பண்ணுங்க, நான் அடக்கமா இருக்கறேன்" என்று துண்டை அவர் தோளிலேயே போட்டேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். வாசல்படியில் உட்கார்ந்து, "பத்து வருசத்துக்கு மேல ஊரான் வண்டிய ஓட்டிக்கினு கீறேன்மே. கைக்கு வந்துச்சு. கைக்கு வந்தத தட்டி உட்டுட்டியே" என்றார்.

"அந்தப் பாப்பா வாய்ல போறத தட்டி உட்டேன்யா."

"ஊர்ல எல்லாரும் உன்ன மாதிரி கீறாங்களா? நம்மகிட்ட வித்தவன் சொல்லிட்டா வித்தான்?"

நியாயமான கேள்விதான். யாரோ துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டதைத்தான் நாங்கள் வாங்கி வந்தோம், இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நியாயமான கேள்வி என்பதற்காக நான் இறங்கி வரவில்லை. "அவன் சொல்லல. அதான் நான் சொன்னேன்" என்று உள்ளே போய்விட்டேன்.

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பால் சொசைட்டியில், "கொஞ்ச நாளைக்குப் பால் எடுத்துனு வராதம்மா" என்றார்கள். "காய்ச்சினா கிருமி செத்துடும்னு டாக்டரே சொல்லிட்டாரு, சூடு பண்ணித்தான் பாக்கெட்ல அடைக்கிறாங்கனு நீங்களும்தானே சொல்றீங்க" என்று சண்டை போட்டேன். "எங்களுக்குத் தெரியுதும்மா, ஊருக்குத் தெரியணுமே" என்றார் அளக்கிறவர். எனக்கு வந்த கோபத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்பில் பொங்கப் பொங்கக் காய்ச்சி, தெருப்பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன். தினமும் குடித்தேன். யாராவது போனால், "வாங்க, டீ சாப்பிடலாம்" என்று வேண்டுமென்றே கூப்பிட்டேன். ஒருத்தரும் வரவில்லை.

அது போகட்டும். என் வீட்டுக்காரரே குடிக்கவில்லை. அதுதான் சுட்டது. காலையில் எழுந்ததும், "ஸ்டாண்டுல குடிச்சுக்கறேன்" என்று கிளம்பிவிடுவார். பாலுக்குப் பயமா, என்மேல் கோபமா என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த கூத்து நாத்தனார் வீட்டில் நடந்தது. அவருடைய மாடும் போன வருஷம் ஒரு கன்றை வீசியிருந்தது. "கால் வழுக்கிடுச்சு, அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் தெருவில் குட்டியானை வண்டி வந்து நின்றது. மாட்டை ஏற்றுகிறார்கள். முன் சீட்டில் அதே தரகர், அதே பெண், அவள் மடியில் அதே குழந்தை. என் வாசலைத் தாண்டி நாலே வீடு வந்து, அவளுக்கு இன்னொரு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார் தரகர்!

நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு ரவுடித்தனமாகத் தெரிந்திருக்கும்.

"இந்த மாடும் கன்னு வீசிச்சு. ரத்தம் பாத்துட்டு எடுத்துனு போ" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

நாத்தனார் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தார். "எங்க ஊட்டு மாட்டுக்கு இன்னாடி கேடு? உன் மாட்ட விக்க துப்பில்ல, எவ மாடும் விக்கக் கூடாதுனு வந்து நிக்கிறியா? உன் சீக்க ஊர் மேல ஏத்தறியா?"

"சீக்கு இல்லன்னா நல்லதுதான் அண்ணி. பாத்துட்டு வில்லுன்றேன்."

"நீ யாருடி பாக்கச் சொல்ல? நீ இன்னா கலெக்டரா?"

"உங்க தம்பி பொண்டாட்டி. ஆஸ்பத்திரில ஊசி குத்திக்கினு வந்தவ."

தெருவே கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குட்டியானைக்குப் பின்னால் ஆரன் சத்தம். என் வீட்டுக்காரருடைய ஷேர் ஆட்டோ, நிறையச் சவாரியோடு. எட்டிப் பார்த்தார். முன்னால் பெண்டாட்டி, பக்கத்தில் அக்கா. இறங்கி வந்து ஒரு வார்த்தை, யார் பக்கமாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போய்விட்டார்.

அந்தப் பெண்தான் முடிவெடுத்தாள். குழந்தையோடு இறங்கி, "எனக்கு வேணாம் நைனா, ரத்தம் பாத்துட்டு சொல்லு. டப்பு எங்கிட்டயேதான் இருக்கும்" என்று தரகரிடம் சொன்னாள். மாடு இறங்கியது. நாத்தனார் மண்ணை வாரித் தூற்றினார். அவர் அன்றைக்கு என்னைத் திட்டினதை எழுதினால் யாரும் அச்சுப் போடமாட்டார்கள்.

மாட்டு டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். முடிவு வந்தது. நாத்தனார் மாட்டுக்கு ஒன்றும் இல்லை, சுத்தம்.

நினைத்துப் பாருங்கள் என் நிலைமையை. நாத்தனார் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் என் வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார். எல்லாரும் நான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வேன் என்று பார்த்தார்கள். வைத்திருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டேன். "சுத்தமா? ரொம்ப சந்தோசம். அத்தச் சொல்லியே வில்லுங்க அண்ணி, இன்னும் கூடக் கேளுங்க" என்றேன்.

நான் வயிற்றெரிச்சலில் சொன்னதை அவர் நிஜமாகவே செய்தார். "ரத்தம் பாத்த மாடு" என்று தரகரிடம் ஒரேயடியாக விலையை ஏற்றினார். துண்டுக்கு அடியில் கையை நீட்டின தரகரிடம், "கைய எடுய்யா, வாயால சொல்லு, ஒளிக்கறதுக்கு இங்க இன்னா கீது" என்று மிரட்டினாராம். அந்த ஆந்திராப் பெண் கூடுதலாகக் கொடுத்து, நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். நான் தொண்டை கிழியக் கத்தினபோது நகராத ஊர், விலை ஏறுகிறது என்றதும் மாட்டு டாக்டர் வண்டியை மறித்து நிற்கிறது. ஒளித்து வைத்திருந்த கிடாரிக் கன்றுகள் எல்லாம் தடுப்பூசிக்கு வெளியே வந்தன. ஆலமரத்தில் புது மூட்டை ஏறவில்லை. நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் ஜுரத்தால் எல்லார் வீட்டு மாட்டுக்கும் விலை கூடியது, என் மாட்டைத் தவிர. அதை நினைத்தால் சிரிப்பும் வரும், சட்டியைத் தூக்கி எறியவும் தோன்றும். இரண்டையும் செய்திருக்கிறேன்.

மாத்திரை முடிந்து ஜுரம் விட்டது. இடுப்பு முழுசாக விடவில்லை. காலையில் கம்பெனி வேன் ஊர் முனையில் இப்போதும் நிற்கிறது, வேறு ஒருத்திக்காக. மாடு கொல்லையில் தனியாக நிற்கிறது. இனி கன்று கிடையாது, அதனால் பால் நாளுக்கு நாள் குறைகிறது. வற்றின பிறகும் அது தின்னத்தான் செய்யும். போடத்தான் போகிறேன். விற்காதே என்று சொன்னவர்கள் யாரும் ஒரு கட்டு வைக்கோல் கொண்டு வந்து போடமாட்டார்கள் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

போன வாரம், நாஷ்டா நேரம் முடிந்த பிறகு வாசலில் ஆரன் சத்தம். என் வீட்டுக்காரருடைய ஆட்டோ, ஊத்துக்கோட்டைக்குப் போகிற சவாரி நிறைந்து நிற்கிறது. எங்கள் வாசலில் அவர் சவாரியோடு வண்டியை நிறுத்தினதே இல்லை. எதையோ மறந்துவிட்டுப் போய்விட்டார்போல என்று ஓடினேன். பின் சீட்டில் பையோடு நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்.

"டீ போடுமே" என்றார் என் வீட்டுக்காரர், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"இன்னாயா, ஆளுங்கள வெச்சுக்கினு..."

"போடுன்னா போடு. பால் டீ."

பாலை இரண்டு தடவை பொங்க விட்டேன். அவசரத்தில் சர்க்கரை கீழே கொட்டியது. கொண்டு வந்து கொடுத்ததும் அவர் வீட்டுக்குள் வரவில்லை. ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்க நின்று, ஊதி ஊதிக் குடித்தார்.

உள்ளே இருந்து ஒரு பெண், "அந்த மாட்டுப் பாலா?" என்று கேட்டாள்.

"ஆமா, அந்த மாட்டுப் பாலுதான். என் ஊட்டு மாடு. காய்ச்சின பாலு. உனக்கும் வேணுமா?" என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் காலி கிளாஸை என்னிடம் நீட்டினார். "இன்னொன்னு குடு."

"நேரமாவுது நைனா, பஸ்ஸு போயிடும்" என்றார் ஒரு பெரியவர்.

"இருங்க பெரியவரே. மாடு வத்திடப் போவுது. அதுக்குள்ள குடிச்சுக்கறேன்."

இரண்டாவது கிளாஸையும் முழுசாகக் குடித்தார். வண்டியில் ஏறும்போது நான் கேட்டேன், "சொந்த ஆட்டோ பின்னாடி இன்னா எழுதறதா இருந்த?"

"இருந்தன் இல்லமே, இருக்கறேன். வண்டி வரட்டும், பாத்துக்கோ" என்று உதைத்துக் கிளப்பினார். ஓனர் பிள்ளைகளின் பேரோடு வண்டி தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.